மூன்றாவது ஊரில் நடக்கும் பேச்சு

இந்தியாவும் பாகிஸ்தானும் அதிகாரபூர்வமாகப் பேசாமல் இருக்கும் காலத்திலும் இரண்டு நாட்டுக்காரர்கள் எங்கேயாவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். பாங்காக், கொழும்பு, காத்மாண்டு, துபாய், லண்டன் என்று ஏதாவது மூன்றாவது ஊரில், ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில். ஓய்வுபெற்ற தூதர்கள், ராணுவத்திலும் விமானப்படையிலும் பெரிய பதவியில் இருந்தவர்கள், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், சில சமயம் எம்.பி.க்கள் வருவார்கள். இவர்களை அரசு அனுப்புவதில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் அரசில் இருப்பவர்களைப் பார்த்து, கேட்டதைச் சொல்லக்கூடியவர்கள். துறைக்குள் இதை ‘ட்ராக் டூ’ என்போம். தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தெற்காசியப் பாதுகாப்பு பற்றி வேலை பார்த்த ஆண்டுகளில், இந்தக் கூட்டங்களுக்கு முன்னால் பின்னணிக் கட்டுரை தயாரிப்பதும், நடக்கும்போது குறிப்பெடுப்பதும் என் பொறுப்பு.

இத்தனை வருஷமாகப் பேசி என்ன கிடைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1991இல் ராஜஸ்தானின் நீம்ராணா கோட்டையில் இரு நாட்டவர் கூடிய பேச்சு தொடங்கியதிலிருந்து கணக்கெடுத்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. காஷ்மீர் தீரவில்லை, சியாச்சினிலிருந்து படைகள் இறங்கவில்லை, குஜராத்துக்கும் சிந்துவுக்கும் இடையில் இருக்கும் சர் க்ரீக் கழிமுகத்தில் எல்லைக்கோடு இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பெரிய தலைப்புகளை வைத்து மட்டும் பார்த்தால் எல்லாம் வீண் என்றே தோன்றும். நான் வேறு பக்கம் பார்க்கச் சொல்வேன்.

1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் இஸ்லாமாபாத்தில் இருந்தபோது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் அணு உலைகளை மற்றவர் தாக்கக் கூடாது, ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அவரவர் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்க வேண்டும். 1992இல் தொடங்கிய பட்டியல் பரிமாற்றம் கார்கில் சண்டைக்குப் பிறகும் நடந்தது, நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகள் குவிந்திருந்தபோதும் நடந்தது, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஜனவரியிலும் நடந்தது. இது அரசுகள் செய்த வேலை, எங்களைப் போன்றவர்களுக்கு இதில் பங்கில்லை. ஆனாலும் கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கும் மாநிலத்திலிருந்து போன எனக்கு இந்த ஒப்பந்தம்தான் முதல் பாடப் புத்தகம். இரண்டு பேருக்கும் ஒரே பயம் இருக்கும் இடத்தில், யாரும் தோற்றதாகத் தெரியாத வகையில், சின்னதாக ஒரு ஏற்பாடு செய்தால் அது நிலைக்கிறது. ஒரு கட்டுரைக்குத் தலைப்பு தேடும்போதெல்லாம் நான் தேடியது அந்த மாதிரி இடங்களைத்தான்.

வேலை பெரும்பாலும் பொறுமையான மேசை வேலை. ஒரே தலைப்பில் இந்தியத் தரப்பில் ஒருவர், பாகிஸ்தான் தரப்பில் ஒருவர் தனித்தனியாக எழுதுவார்கள். கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே கட்டுரைகளை மாற்றிக்கொள்வோம். முதலில் இரண்டிலும் ஒத்துப்போகும் தகவல்கள் எவை என்று பிரித்தெடுக்க வேண்டும். அடிப்படைத் தகவலிலேயே சண்டை வந்தால் இரண்டு நாளும் அதிலேயே கழிந்துவிடும்.

நான் வேலை செய்ததிலேயே மனதுக்கு நெருக்கமான தலைப்பு மீனவர்கள். குஜராத், டையூ படகுகள் அரபிக்கடலில் பாகிஸ்தானின் கடல் பாதுகாப்புப் படையிடம் சிக்குகின்றன. கராச்சி, தட்டா பக்கத்து மீனவர்கள் இந்தியக் கடலோரக் காவல்படையிடம் சிக்குகிறார்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், இவர் எங்கள் நாட்டவர்தான் என்று சொந்த நாடு உறுதி செய்யும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். 2008 ஒப்பந்தப்படி ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் ஆள் வந்துவிடுவதில்லை. விடுதலை கிடைத்தாலும், கராச்சி மலீர் சிறையிலிருந்து ரயிலில் லாகூர் போய், வாகா வழியாக அமிர்தசரஸ் வந்து, அங்கிருந்து மறுபடி குஜராத்துக்குப் பயணப்பட வேண்டும். கடலில் பிடித்த மனிதனைக் கடலிலேயே ஒப்படைக்கலாம் என்ற யோசனை பல கூட்டங்களில் வந்திருக்கிறது. படகு பெரும்பாலும் திரும்புவதே இல்லை. ஒரு குடும்பத்தின் மொத்த முதலும் அந்தப் படகுதான்.

இந்தத் தலைப்பு வரும்போது அறையின் சூழலே மாறும். கராச்சிக்காரர் ஒருவர் அந்த ஊர்க் கடற்கரையில் இப்ராகிம் ஹைதரி என்ற பகுதியின் மீனவக் குடும்பங்களைப் பற்றிச் சொல்வார். போர்பந்தர் பக்கத்துப் பெண்கள் சொன்னதை நம் ஆள் சொல்வார். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே கதை. இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள் சேர்ந்து சிறைகளுக்குப் போய்ப் பார்க்க 2007இல் ஒரு கூட்டுக் குழு அமைந்தது, நல்ல வேலையும் செய்தது. 2013க்குப் பிறகு அதன் பயணங்கள் நின்றுபோயின. அதை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பப் பரிந்துரை எழுதினோம்.

ராமேசுவரம், நாகப்பட்டினம் மீனவர் கைது என்ற செய்தியைப் படித்தே வளர்ந்த எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பாக் நீரிணைப் பிரச்சினையில் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியால் எங்கள் கடல் அடிமட்டம் அழிகிறது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர் தமிழ்நாட்டு மீனவரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். பிரச்சினை இன்றும் தீரவில்லை, சரி. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் மேசையில் இருந்தார்கள். நான் இருந்த இந்திய - பாகிஸ்தான் கூட்டங்களில் ஒரு மீனவரையும் பார்த்ததில்லை. அவர்களுக்காகப் பேசியவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். இருந்தாலும் அது போதாது.

அறைக்குள் ஒரே ஒரு விதி உண்டு. கேட்டதை வெளியில் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று சொல்லக் கூடாது. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெயர்கள் வராது. முதல் நாள் காலையில் பெரும்பாலும் அவரவர் அரசின் அறிக்கையை வாசிப்பது போலத்தான் பேசுவார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஒருமுறை சொல்லி முடித்தால்தான் மேலே போக முடியும். மாலையில் சாப்பாட்டு மேசையில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். சியாச்சினில் எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள் பனிச்சரிவைப் பற்றியும் மூச்சுத்திணறலைப் பற்றியும் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். 2012 ஏப்ரலில் கயாரியில் பனிச்சரிவு பாகிஸ்தான் படைத்தளம் ஒன்றை மூடி 140 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது இந்தியத் தரப்பு அதிகாரி ஒருவர் எழுந்து போய் எதிர்த் தரப்புக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அமர்வில் இருவரும் மலையுச்சி நிலைகளை எப்படிச் சரிபார்ப்பது, வரைபடத்தில் யார் எங்கே குறிப்பது என்று நுட்பமாகப் பேச முடிந்தது அந்த மாலையால்தான்.

நம்பிக்கை உண்டாவதைவிடவும் முக்கியமான ஒன்று இதில் நடக்கிறது. எதிர்த் தரப்பின் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிறது. யார் சொன்னால் அங்கே எடுபடும், எந்த அறிக்கை உள்ளூர் மக்களுக்கானது, எது நமக்கானது என்று பிரித்தறியத் தெரிகிறது. கார்கில் சண்டை நடந்த 1999இல் பத்திரிகையாளர் ஆர்.கே. மிஸ்ராவும் பாகிஸ்தானின் முன்னாள் வெளியுறவுச் செயலர் நியாஸ் நாயக்கும் இரு பிரதமர்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோனார்கள். அது அரசின் ரகசியப் பாதை, எங்கள் வகைப் பேச்சு அல்ல. ஆனால் நியாஸ் நாயக் நீம்ராணா பேச்சுகளில் இந்தியர்களோடு உட்கார்ந்து பழகியவர். அவசரத்தில் அனுப்ப ஆள் தேடும்போது, அந்தப் பக்கம் ஏற்கெனவே முகம் தெரிந்தவராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தான் பஞ்சாபில் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா இரண்டு நாள் கழித்து அறிவித்தது. பின்னர் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரைப் பணிநீக்கம் செய்தது. அதற்கு அப்புறம் நடந்த ஒரு கூட்டத்தில் பாகிஸ்தான் தரப்பினர் கேட்டது ஒரே கேள்வி: “ராணுவ நடவடிக்கைத் தலைவர்களுக்கு இடையே ஹாட்லைன் என்ற நேரடித் தொலைபேசி இருக்கிறதே, உடனே ஏன் கூப்பிடவில்லை?” நம் தரப்பும் பதிலுக்குக் கேட்டது, “உங்கள் ராடாரில் தெரிந்தவுடன் நீங்கள் ஏன் கூப்பிடவில்லை?” குரல்கள் உயர்ந்தன. ஆனால் அன்று மதியத்துக்குள் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு ஓட்டையைக் கண்டுகொண்டன. 2005 ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை, அதாவது உயரே எழும்பி வளைந்து விழும் வகையை, மட்டும்தான் குறைந்தது மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். விமானம் போலத் தாழப் பறந்து போகும் க்ரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை, பிரம்மோஸ் அந்த க்ரூஸ் வகை. 2007 ஒப்பந்தம் அணு ஆயுத விபத்துகளைப் பற்றியது, சாதாரண ஏவுகணை வழிதவறினால் அது பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

இப்படிக் கண்டுபிடித்ததை என்ன செய்வது? இங்கேதான் எங்கள் வேலையின் பலவீனம். பரிந்துரையை அழகாக எழுதி இரண்டு தலைநகரங்களிலும் கொடுக்கலாம். வாங்கிப் படிக்க அங்கே ஒருவர் வேண்டும். மன்மோகன் சிங், முஷாரஃப் காலத்தில் அவர்களின் தூதர்களாக சதீந்தர் லாம்பாவும் தாரிக் அஜீசும் நடத்திய ரகசியப் பேச்சு காஷ்மீர் விஷயத்தில் வெகுதூரம் போனதற்குக் காரணம், அவர்களை அனுப்பிய தலைவர்கள் கேட்கத் தயாராக இருந்ததுதான். 2007இல் முஷாரஃபுக்கு உள்நாட்டில் நெருக்கடி வந்ததும் அது நின்றது. கேட்பவர் இல்லாத காலத்தில் நாங்கள் எழுதியவை அலமாரியில் இருக்கும். இருக்கட்டும் என்பதுதான் என் வாதம். 1999 லாகூர் பிரகடனத்தோடு கையெழுத்தான உடன்பாட்டில் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டிச் சொல்வது பற்றிய உறுதிமொழி இருந்தது. அது முழு ஒப்பந்தமாக ஆறு ஆண்டுகள் ஆயின, நடுவில் கார்கில் வந்தது, பெரிய படைக்குவிப்பு வந்தது. அரசு மனம் மாறும் நாளில் தயாராக ஒரு வரைவு கையில் இருக்க வேண்டும். அதை அன்றைக்கு உட்கார்ந்து எழுத முடியாது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறு. ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வயதாகிக்கொண்டே போகிறது. பெண்கள் குறைவு. பழைய தலைமுறைக்குப் பிரிவினைக்கு முந்தைய லாகூரோ தில்லியோ குடும்பக் கதையாகவாவது நினைவில் இருந்தது. இளையவர்களுக்கு அது இல்லை, அதற்குப் பதிலாக நேரடிப் பழக்கமும் இல்லை. நல்ல காலத்திலேயே விசா குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், பெரும்பாலானோர் போனதும் வந்ததும் போலீசில் பதிவு செய்ய வேண்டும். இணையவழிக் கூட்டங்கள் வந்தன. ஆனால் யாரோ பதிவு செய்கிறார்கள் என்ற எண்ணத்தில் எல்லோரும் முதல் நாள் காலைப் பேச்சைத்தான் பேசுகிறார்கள், மாலை வருவதே இல்லை.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் 1960இன் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது, வாகாவுக்கு எதிரே இந்தியப் பக்கம் இருக்கும் அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது, விசாக்கள் ரத்தாகின. மே 7 முதல் 10 வரை நான்கு நாள் மோதல். ட்ரோன்களும் ஏவுகணைகளும் இரண்டு பக்கமும் பறந்தன. 10ஆம் தேதி மதியம் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர் ஹாட்லைனில் இந்தியத் தலைவரை அழைத்த பிறகுதான் சண்டை நின்றது. அந்த நாட்களில் இந்தக் கூட்டங்களுக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று சொன்ன குரல்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. எனக்கு அது வலித்தது. அந்த அறைகளில் தன் நாட்டின் நிலையை விட்டுக்கொடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஜூலை 1 அன்று கைதிகள் பட்டியல் வழக்கம்போலப் பரிமாறப்பட்டது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் வரைவு அந்த ஓட்டையைப் பற்றியது. க்ரூஸ் ஏவுகணைச் சோதனைக்கும் முன்னறிவிப்பு வேண்டும், ஏவுகணை வழிதவறினால் எத்தனை நிமிடத்துக்குள் ஹாட்லைனில் சொல்ல வேண்டும், எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் ஆயுத ட்ரோன் பறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் போகிறோம். 2005 ஒப்பந்தத்தில் ஏவும் தளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது, விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று எண்கள் உண்டு. அவற்றை வைத்துத் தொடங்கினோம். என்னோடு சேர்ந்து எழுதுபவர் பாகிஸ்தானின் இளம் ஆய்வாளர். இந்தியர் யாரையும் அவர் நேரில் சந்தித்ததில்லை, என்னையும் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ட்ரோன் பகுதியில் என் எண்ணை அவர் ஏற்கவில்லை. அவருடைய காரணங்கள் வலுவானவை. இந்த வாரம் மறுபடி பேசுகிறோம்.