பைன் மரத்துப் பஞ்சும் இரண்டு மில்லிமீட்டர் வண்டும்

மே 12

வெள்ளைக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பைன் கிளையைக் கழியால் நாலு தட்டுத் தட்டினேன். காய்ந்த ஊசிகள், மகரந்தத் தூள், இரண்டு சிலந்திகள், அப்புறம் எள்ளைவிடச் சின்னதாக ஒரு பழுப்பு உருண்டை. தூரிகை நுனியால் தொட்டதும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. இரண்டு நிமிடம் பொறுத்திருந்தேன். ஓடத் தொடங்கியது.

கிளையில் ஊசிகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. இது பினியஸ் என்ற சாறுறிஞ்சிப் பூச்சியின் மெழுகு, அடெல்ஜிட் குடும்பம். அசுவினிக்குப் பங்காளி முறை. ஊசியிலை மரங்களைத் தவிர வேறெதிலும் பிழைக்காது. ஒரு முழக் கிளையில் 31 பஞ்சுப் பொட்டுகள் என்று எழுதிக்கொண்டேன். நான்கு மட்டும் கொஞ்சம் பெரியவை. அதில் ஒன்றைச் சாராயக் குப்பியில் போட்டேன். மீதியோடு கிளைத்துண்டை வெட்டி டப்பாவில் எடுத்து வந்தேன்.

மே 13

வண்டு 1.8 மி.மீ. நீள்வட்டம், பழுப்பு. சிறகுறைகள் இரண்டும் சேரும் நடுக்கோட்டை ஒட்டிக் கருமையாக ஒரு பட்டை. உடம்பு முழுக்கப் படிந்த மயிர். பொறிவண்டு என்றால் சிவப்பில் கறுப்புப் புள்ளி என்று பள்ளிக்கூடத்தில் படிந்த படத்தை முதலில் அழிக்க வேண்டியிருக்கிறது. உலகில் சுமார் 6,000 வகைப் பொறிவண்டுகள் உண்டு. அவற்றில் இப்படிப் புள்ளியில்லாத பொடிசுகள் ஏராளம்.

காலையில் ரைசோபியஸ் என்ற பொறிவண்டுப் பேரினம் என்று எழுதினேன். அதுவும் பைனில் வரும், அதற்கும் மயிர் உண்டு. மாலையில் அடித்துவிட்டேன். ரைசோபியஸுக்கு உணர்கொம்பு நீளம், தலைக்கு வெளியே நன்றாகத் துருத்தித் தெரியும். இதற்கோ தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஸ்கிம்னஸ் என்ற இன்னொரு பேரினத்தின் பக்கம் சாய்கிறேன்.

மே 14

சாராயக் குப்பியைப் பார்த்ததும் திக்கென்றது. பஞ்சு கலைந்துபோய் அடியில் கிடப்பது அடெல்ஜிட் இல்லை. ஆறு கால், தாடை, தெளிவான வளையங்கள் உள்ள உடம்பு. அது பொறிவண்டின் புழு!

தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. ஸ்கிம்னஸ் புழுக்கள் தம் உடம்பிலிருந்தே மெழுகு இழை சுரந்து போர்த்திக்கொள்ளும். எறும்போ மற்ற வேட்டைப் பூச்சியோ கடித்தால் வாயில் மெழுகுதான் நிறையும். மாவுப்பூச்சி என்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுவார்கள் என்று மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய், போட்ட கை. மீதி மூன்றும் டப்பாவில் இருக்கின்றன.

மே 19

மூன்றும் தின்கின்றன. பஞ்சுக்குள் தலையை நுழைத்து, அடெல்ஜிட்டின் முட்டையைத் தாடையால் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன. வெறும் தோல் சுருங்கி மிஞ்சுகிறது. நகர்ந்தால் புழு, நகராவிட்டால் இரை. இதைவிட நல்ல அடையாளம் வெறும் கண்ணுக்கு இல்லை.

மே 22

புதிதாக எதுவும் இல்லை. ஒரு புழு இறந்துவிட்டது, காரணம் பிடிபடவில்லை.

இரவில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானிலிருந்து போன அடெல்ஜஸ் சுகே என்ற அடெல்ஜிட் கிழக்கு அமெரிக்காவில் 1951-இல் வர்ஜீனியாவில் கண்ணில் பட்டது. பிறகு ஹெம்லாக் காடுகளையே பட்டுப்போகச் செய்தது. அதைத் தின்ன ஜப்பானிலிருந்தே ஒரு கறுப்புப் பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள், அதுவும் 2 மி.மீ.தான். 1997-இல் சசாஜியும் மெக்லூரும் அதற்கு சூடோஸ்கிம்னஸ் சுகே என்று பெயரிட்டு விவரித்தார்கள். பெயரில்தான் வம்பு. சூடோஸ்கிம்னஸ் என்ற பேரினப் பெயரை 1935-லேயே ஒரு சுறாவுக்குக் கொடுத்தாயிற்று! விலங்குகளில் ஒரே பேரினப் பெயர் இரண்டுக்கு இருக்கக்கூடாது, முந்தியதற்கே உரிமை. கடைசியில் 2004-இல் வண்டு பெயர் மாறி சசாஜிஸ்கிம்னஸ் ஆனது. சுறாவிடம் தோற்ற பொறிவண்டு. தூக்கம் வராமல் சிரித்தேன்.

மே 28

இரண்டும் கூட்டுப்புழுவாகிவிட்டன. உரித்த வெள்ளைத் தோல் வால் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 5

காலையில் ஒன்று வெளியே வந்திருந்தது. வெளிறிய மஞ்சள், பட்டையே இல்லை. இந்த நேரத்தில் படமெடுத்து விவரம் எழுதினால் புதிய இனம் என்று குதிக்கலாம். நிறம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜூன் 7

நடுக்கோட்டில் கருமை வந்துவிட்டது. ஆனால் மே 12 வண்டின் பட்டையைவிட ஒல்லி. ஆக, பட்டையின் அகலத்தை நம்பி ஒன்றும் ஆகாது.

மே 12 வண்டைப் புரட்டிப் போட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மார்பின் அடியில், முன்னங்கால்களுக்கு நடுவே இரண்டு மெல்லிய மேடுகள் முன்னோக்கிப் போகின்றன: ஸ்கிம்னஸ் உறுதி, அதைப் போலவே தோன்றும் நெஃபஸ் பேரினம் இல்லை. அடுத்து வயிற்றின் முதல் வளையம். பின்னங்கால் குழியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, மறுபடி வளையத்தின் முன்விளிம்பையே வந்து தொடுகிறது. பாதியில் நின்றிருந்தால் வேறு துணைப்பேரினம். முழு வில்லாக இருப்பதால் புல்லஸ் என்ற துணைப்பேரினம். இந்தக் கோட்டைப் பார்க்க விளக்கைச் சாய்வாக வைக்க வேண்டும், நேர் வெளிச்சத்தில் மயிர் மறைத்துவிடுகிறது. கழுத்து வலி.

ஜூன் 10

வயிற்றை மட்டும் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசையைக் கரைத்து, கிளிசரினுக்கு மாற்றினேன். ஆண். இனப்பெருக்க உறுப்பில் வளைந்த மெல்லிய குழாயாகச் சைஃபோ, அதைத் தாங்கும் உறுப்பின் நுனி, இருபுற மடல்கள் எல்லாம் தெரிந்தன. வரைபடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஸ்கிம்னஸ் சுட்டுராலிஸ் வரைபடத்தோடு பொருந்துகிறது. துன்பெர்க் 1795-இல் வைத்த பெயர். சுட்டூரா என்றால் தையல். நடுக்கோட்டுப் பட்டைக்காக வந்த பெயர். எந்தப் பட்டையை நம்பக்கூடாது என்று மூன்று நாள் முன்பு எழுதினேனோ, அதே பட்டை.

1874-இல் க்ராட்ச் விவரித்த மேற்கு அமெரிக்க இனமான ஸ்கிம்னஸ் கோனிஃபெராரமும் மேலே பார்த்தால் இதே ஜாடைதான். முதுகுப் படத்தை மட்டும் அனுப்பி "என்ன இனம்?" என்று கேட்பவர்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை. வயிற்றுப் படம் அனுப்பட்டும்.

ஜூன் 11

சீட்டு எழுதி ஊசியில் குத்தினேன். பிரித்த உறுப்பு கிளிசரினோடு சின்னக் குப்பியில், அதே ஊசியில். வளர்ந்த இரண்டையும் அதே பைன் கிளையில் விட்டுவிட்டு வந்தேன்.

மே 12 பக்கத்தில் 31 என்பதை அடித்து, 27 பஞ்சு, 4 புழு என்று திருத்தினேன்.