வெட்டுறதுக்கு முதல் ஒருக்கா நிண்டு பாருங்கோ

போன சனிக்கிழமை பின்னேரமும் வழமை போல பிள்ளையள் அஞ்சு பேர் வந்தவை, எல்லாரும் ஏஎல் (உயர்தர) கணிதப் பிரிவு, தருமபுரம் விசுவமடுப் பக்கத்துப் பிள்ளையள். எங்கட வீட்டு விறாந்தையில பாய் போட்டு இருந்துதான் இணைந்த கணிதம் செய்யிறது. மூண்டு மணிக்குத் தொடங்கினா அஞ்சரைக்கு முடிச்சிட வேணும், ஏனெண்டா இருண்டாப் பிறகு குளத்துப் பக்க ரோட்டில யானை நிக்கும், சைக்கிளில வாற பிள்ளையளை அதுக்குப் பிறகு அனுப்பேலாது. இஞ்ச கன ஊரில இந்தப் பாடத்துக்கு வாத்தியார் கிடைக்கிறதே கஷ்டம், பிள்ளையள் கிளிநொச்சி ரவுணுக்கு பஸ் ஏறித்தான் போகினம், போய் வந்து களைச்சுப் போய்த்தான் கணக்கோட இருக்கினம், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்கிறன், அவ்வளவுதான்.

அண்டைக்கு நான் குடுத்த கணக்கு பெரிய கணக்கில்லை. சைன் 2எக்ஸ் = கொஸ் எக்ஸ், 0 பாகைக்கும் 360 பாகைக்கும் இடையில எல்லாத் தீர்வையும் எடுக்க வேணும். அஞ்சு பேரில நாலு பேர் செய்தது ஒரே மாதிரி. சைன் 2எக்ஸை 2 சைன் எக்ஸ் கொஸ் எக்ஸ் எண்டு விரிச்சினம், ரெண்டு பக்கமும் கொஸ் எக்ஸ் கிடக்கு, சிவப்புப் பேனையால சரக் சரக்கெண்டு ரெண்டு கோடு, சைன் எக்ஸ் = அரை, விடை 30, 150. முடிஞ்சுது. பத்துச் செக்கன் கூட எடுக்கேல்ல.

உண்மையில விடை நாலு. 30, 90, 150, 270. அந்தச் சிவப்புக் கோடு ரெண்டு விடையைத் தின்னிட்டுது. கொஸ் எக்ஸை வெட்டுறதெண்டா கொஸ் எக்ஸால ரெண்டு பக்கத்தையும் பிரிக்கிறம் எண்டுதான் அர்த்தம், பூச்சியத்தால பிரிக்கேலாது, அப்ப கொஸ் எக்ஸ் பூச்சியமா இருக்கிற இடத்தை நாங்கள் கேக்காமலே தள்ளி விட்டிட்டம். வெட்டாம ஒரு பக்கத்துக்குக் கொண்டு வந்து கொஸ் எக்ஸைப் பொதுக் காரணியா வெளியால எடுத்தா, கொஸ் எக்ஸ் பூச்சியம் அல்லது சைன் எக்ஸ் அரை எண்டு ரெண்டும் தன்பாட்டில வந்து நிக்கும்.

இதே பிழை ஓஎல் (சாதாரண தர) காலத்திலேயே தொடங்குது. எக்ஸ் வர்க்கம் = 3எக்ஸ் எண்டு குடுத்தா எக்ஸை வெட்டி 3 எண்டு எழுதிறவை எத்தினை பேர், பூச்சியமும் ஒரு மூலம் எண்டது ஆருக்கும் ஞாபகம் வாறேல்ல. அப்ப ஒரு மார்க்கோட போயிடும். ஏஎல்லில அப்பிடி இல்லை. தூய கணிதப் பேப்பரில ஏ பகுதியில பத்துக் கணக்கு, ஒவ்வொண்டுக்கும் 25, பி பகுதியில ஏழில அஞ்சு, ஒவ்வொண்டுக்கும் 150, தொடக்கத்தில ரெண்டு மூலத்தைத் தொலைச்சா அதுக்குப் பிறகு வாற வரி முழுக்க அதைக் கொண்டுதான் போகும். நான் படிக்கேக்க ஒரு முன்னோடிப் பரீட்சையில பதினேழாவது கணக்கில இப்பிடி ஒரு கொஸ்ஸை வெட்டிப் போட்டு மூண்டு பக்கம் எழுதினனான். திருத்தின சேர் முதலாவது வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டிட்டு மிச்சப் பக்கத்தைத் திருப்பியே பாக்கேல்ல. அந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு சைக்கிளில வரேக்க இருந்த கனம் இப்பவும் நெஞ்சில கிடக்கு.

எனக்கு இந்தப் பழக்கத்தை மாத்தினது பெரியண்ணான்ர கொப்பி. 1996ல கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு அண்ணா மல்லாவியில ஒரு கொட்டிலுக்குள்ள இருந்துதான் ஏஎல் படிச்சவர். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கண்ட விலை, ஜாம் போத்தல் விளக்குத்தான், போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அதில நனையிற அளவுக்கு எண்ணெய், நூல் திரி. கொப்பியும் தட்டுப்பாடு எண்டபடியா முதல் பென்சிலால செய்து போட்டு அதே பக்கத்தில மேலால பேனையால வேற கணக்கு எழுதுவார். எங்கட வீட்டில கிடந்ததெல்லாம் 2009ல போட்டுது, இந்த ஒரு கொப்பி பெரியம்மாட்ட வவுனியாவில கிடந்தபடியா தப்பினது. அதைத் திறந்து பாத்தா எழுத்து எறும்பு மாதிரி, ஆனா எங்க எங்க வெட்டியிருக்கிறாரோ அங்க எல்லாம் ஓரத்தில சின்னனா "≠ 0" எண்டு எழுதியிருக்கும். சில இடத்தில "≠ 0 இல்லை, பார்" எண்டு எழுதி அடுத்த வரியில அந்தப் பூச்சியத்தைத் தனியா எடுத்துச் செய்திருப்பார். பேப்பர் இல்லாத காலத்திலயும் அந்த ஓரத்துக்கு மட்டும் இடம் விட்டவர். நான் பிள்ளையளுக்குக் காட்டுறதும் அந்தக் கொப்பியைத்தான்.

பூச்சியத்தால மட்டும் இல்லை, எதைக் காணாமல் போக வைக்கேக்கயும் இதே கேள்வி வரும். √(எக்ஸ் + 6) = எக்ஸ் எண்டதை வர்க்கிச்சா 3ம் −2ம் வரும், −2ஐப் போட்டுப் பாத்தா ஒரு பக்கம் 2 மற்றப் பக்கம் −2, அது விடையே இல்லை. அங்க வெட்டினதால போனது, இஞ்ச வர்க்கிச்சதால இல்லாதது வந்தது. சமனிலியிலயும் அப்பிடித்தான், எக்ஸை (எக்ஸ் − 1) ஆல பிரிச்சா 2ஐ விடப் பெரிசு எண்டு குடுத்திருந்தா, (எக்ஸ் − 1)ஐ மற்றப் பக்கம் கொண்டு போய்ப் பெருக்கி எக்ஸ் 2ஐ விடச் சின்னன் எண்டு எழுதிப் போடுவினம். எக்ஸுக்குப் பூச்சியத்தைப் போட்டுப் பாருங்கோ, பூச்சியம் 2ஐ விடப் பெரிசா? (எக்ஸ் − 1) மறையோ நேரோ எண்டு தெரியாம அதால பெருக்கக் கூடாது, அதின்ர வர்க்கத்தால பெருக்குங்கோ, 1க்கும் 2க்கும் இடையில எண்டு சரியான விடை வரும்.

தொகையீட்டுக்கு, அதாவது வளையிக்குக் கீழ கிடக்கிற பரப்பை எடுக்கிறதுக்கு, வந்தா இது இன்னும் மோசம், ஏனெண்டா வர்க்கத்தையும் வர்க்கமூலத்தையும் வெட்டுறது ஆருக்கும் வெட்டு மாதிரியே தெரியிறேல்ல. √(1 − சைன் வர்க்கம் எக்ஸ்) எண்டதை 0 இலிருந்து பை (180 பாகை) வரைக்கும் தொகையிடச் சொன்னன். எல்லாரும் உள்ளுக்கு கொஸ் வர்க்கம், மூலத்தை வெட்டினா கொஸ், தொகையிட்டா சைன், மேல் எல்லையிலயும் கீழ் எல்லையிலயும் சைன் பூச்சியம், விடை 0 எண்டு குடுத்தினம். நான் ஒண்டும் சொல்லேல்ல. ஒரு பொடியனை முத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈர்க்கு ஒண்டைக் குடுத்து மணலில அந்த வளையியைக் கீறச் சொன்னன். கீறினான், 1 இல தொடங்கி இறங்கி, நடுவில அச்சைத் தொட்டு, பிறகு கீழ போகாம திரும்ப மேல ஏறி 1க்குப் போகுது, ஏனெண்டா வர்க்கமூலம் மறையா வராது. கீறி முடிச்சிட்டு நிண்டு பாத்தான். "அண்ணா, இதுக்குக் கீழ மண் கிடக்குத்தானே, எப்பிடிப் பூச்சியம் வரும்?"

அதுதான் முழுக் கணக்கும். இரணைமடுக் குளத்துக்கு வாற தண்ணியையும் வான் பாய்ஞ்சு போற தண்ணியையும் கூட்டிக் கழிச்சா பூச்சியம் வரலாம், வந்த அளவு போயிருக்கும். ஆனா வான் கதவு பூட்டிக் கிடக்க, தண்ணி வந்துகொண்டு மட்டும் இருந்தா குளம் ஏறாம இருக்குமோ? மூலத்துக்குள்ள இருந்து வாறது கொஸ்ஸின்ர மட்டு, அதாவது மறைக்குறி இல்லாத பெறுமானம், 90 பாகையில பிரிச்சு ரெண்டு துண்டாத் தொகையிட்டா ஒவ்வொண்டும் 1, விடை 2. அவன் விறாந்தைக்கு வந்து தன்ர கொப்பியில மட்டுக்குறி ரெண்டையும் அமத்தி அமத்திக் கீறினான், பேப்பர் கிழியாதது ஆச்சரியம்.

இதுக்குப் பிறகுதான் அண்டைக்கு நல்ல கேள்வி வந்தது. விசுவமடுவில இருந்து வாற தங்கச்சி ஒராள், கதைக்கிறது குறைவு. எல்லை எடுக்கிற கணக்கு செய்துகொண்டிருந்தம், எக்ஸ் 2ஐ அணுகேக்க (எக்ஸ் வர்க்கம் − 4) பிரிக்க (எக்ஸ் − 2). நான் மேல காரணிப்படுத்தி (எக்ஸ் − 2)ஐ வெட்டி, எக்ஸ் + 2, விடை 4 எண்டு எழுதினன். அவள் பேனையை மூடி வச்சிட்டு, "அண்ணா, ஒரு மணித்தியாலமா பூச்சியத்தை வெட்டாதேங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், எக்ஸ் 2 எண்டா அது பூச்சியம்தானே, இதில மட்டும் ஏன் வெட்டினனீங்கள்?" எண்டாள்.

எனக்கு உண்மையாவே சந்தோசத்தில கதை வரேல்ல. இந்தக் கேள்விக்குப் பின்னால எவ்வளவு பெரிய சண்டை நடந்தது எண்டு அவளுக்குத் தெரியாது. 628ல பிரம்மகுப்தர் பூச்சியத்துக்குக் கணக்கு விதிகள் எழுதின பெரிய மனிசன், அவரே பூச்சியத்தைப் பூச்சியத்தால பிரிச்சா பூச்சியம் எண்டு எழுதிவிட்டார். 1734ல ஜோர்ஜ் பார்க்லி எண்ட அயர்லாந்துப் பாதிரியார் நியூட்டன்ர ஆக்களைப் பாத்துக் கேட்டது இவள் கேட்டதையேதான், முதல் ஒரு சின்ன அளவு பூச்சியம் இல்லை எண்டு சொல்லிப் பிரிக்கிறீங்கள், பிரிச்சு முடிஞ்ச உடன அது பூச்சியம் எண்டு சொல்லி எறியிறீங்கள், எது உண்மை எண்டு. அதுக்கு ஒழுங்கான மறுமொழி 19ம் நூற்றாண்டில கோஸி, வையர்ஸ்ட்ராஸ் ஆக்கள் எல்லையைச் சரியா வரையறுத்த பிறகுதான் வந்தது.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான். எல்லை எண்டேக்க எக்ஸ் 2க்குக் கிட்டக் கிட்டப் போகுது, 2 ஆகிறேல்ல. 1.9, 1.99, 1.999, அந்தப் பக்கத்தால 2.1, 2.01. அந்த ஒவ்வொரு இடத்திலயும் (எக்ஸ் − 2) பூச்சியம் இல்லை, அப்ப வெட்டலாம், வெட்டின பிறகு அந்தப் பெறுமானங்கள் எதுக்குக் கிட்டப் போகுது எண்டுதான் கேள்வி, 2இல என்ன நடக்குது எண்டு ஆரும் கேக்கேல்ல. அவள் கல்குலேற்றரை எடுத்து 1.999ஐப் போட்டுப் பாத்தாள், 3.999 வந்தது. சரி எண்டு தலையாட்டினாள், ஆனா உடன எழுதேல்ல, கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள்.

நேரம் கிடந்தபடியா கடைசியா ஒண்டு போட்டன், இது எனக்கு நல்ல விருப்பமான கணக்கு. 1 கீழ் எக்ஸை (1/எக்ஸ்) பகுதிகளாகத் தொகையிடுறது. 1 கீழ் எக்ஸை ஒரு பகுதியாவும் வெறும் 1ஐ மற்றப் பகுதியாவும் எடுத்தா, முதல் உறுப்பு எக்ஸ் பெருக்கல் 1 கீழ் எக்ஸ், அதாவது 1, மிச்சத்தைச் சுருக்கினா திரும்பவும் அதே தொகையீடு நேர்க் குறியோட. அப்ப தொகையீடு = 1 + தொகையீடு. ரெண்டு பக்கமும் ஒரே சாமான், வெட்டினா 0 = 1. பிள்ளையளுக்குப் பேயறைஞ்ச மாதிரி. ஒராள் நான் குறியை மாத்திப் போட்டன் எண்டு திரும்ப முதலில இருந்து செய்து பாத்தான், பிழை இல்லை.

வெட்டு எங்க பிழைச்சது எண்டா, எல்லை போடாத தொகையீடு ஒரு தனிச் சாமான் இல்லை, ஒரு மாறிலியால வித்தியாசப்படுற சார்புகள் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்ற பேர். இந்தப் பக்கத்துத் தொகையீடும் அந்தப் பக்கத்துத் தொகையீடும் ஒரே மாறிலியோடதான் நிக்கவேணும் எண்டு ஒண்டுமில்லை, அந்த 1 மாறிலிக்குள்ள போயிடும். 1 இலிருந்து 2 வரைக்கும் எண்டு எல்லை போட்டுச் செய்யச் சொன்னன், அப்ப முதல் உறுப்பு 1 − 1, பூச்சியம், பிரச்சினை தீந்துது. கூட்டல் சி எண்டு நாங்கள் அந்த மாறிலிக்குப் பழக்கத்தில எழுதிற எழுத்து என்ன வேலை செய்யுது எண்டு அப்பத்தான் கனபேருக்கு விளங்கினது.

அஞ்சரையாச்சு. போகேக்க வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி சைன் 3எக்ஸ் = சைன் எக்ஸ் எண்டு ஒண்டைக் குடுத்தன், 0 இலிருந்து 360க்குள்ள, 360ஐச் சேர்க்காமல். மற்றாக்கள் கொப்பியை மூடிச் சைக்கிளை எடுக்கேக்க இந்தத் தங்கச்சி படியில இருந்தே விரிச்சுச் செய்தாள். 3 சைன் எக்ஸ் − 4 சைன் கனம் எக்ஸ் = சைன் எக்ஸ். பேனை சைனுக்கு மேல போய் நிண்டுது. கோடு போடேல்ல. ஓரத்தில பென்சிலால "= 0 ?" எண்டு சின்னனா எழுதிப் போட்டு, 0, 45, 135, 180, 225, 315 எண்டு ஆறையும் நிரையா எழுதி எனக்கு நீட்டினாள். பிறகு இருளப் போகுதெண்டு சைக்கிளில ஏறிப் போட்டாள்.