பட்டறைக்கு இரண்டு ஆபரேட்டர் கிடைத்தது இப்படித்தான்

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. இருவருமே சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் மெஷின், ஆபரேட்டர்கள். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப்செட்டுக்கு ஷாப்ட் (சுழலும் தண்டு) கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது, மொத்தமே 14 பேர். இரண்டு மெஷின் நின்றால் அந்த மாத ஆர்டரே தள்ளிப்போகும். வழக்கம்போல் கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு மாட்டினேன், தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

"மாமா, கவர்மென்ட் சைட் ஒண்ணு இருக்கு, அதுல போடலாம்" என்று என்னை உட்கார வைத்தவள் தங்கை மகள். தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தைத்தான் சொன்னாள். அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதை 2020 ஜூனில் தொடங்கியது. ஆள் தேடுகிறவரும் சரி, வேலை தேடுகிறவரும் சரி, பைசா கட்ட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோமே, அது வேறு. அங்கே பதிந்திருந்தாலும் இதில் தனியாகப் பதிய வேண்டும். பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நிறுவனப் பெயர், முகவரி, மொபைல் எண் எல்லாம் கொடுத்துப் பதிவது பெரிய வேலையாக இல்லை. விளம்பரத்தை நானே எழுதினேன்: 'சிஎன்சி ஆபரேட்டர் தேவை. ஐடிஐ. அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. தகுதிக்கேற்ற சம்பளம்.' பத்து நாளில் நான்கு பேர் கேட்டார்கள். மூன்று பேர் மெஷின் பக்கமே போகாதவர்கள். நான்காவது ஆள் சம்பளம் எவ்வளவு என்றார். "நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றேன். சரிங்க என்று வைத்தவர் வரவேயில்லை.

"சம்பளம் தெரியாம, ஒரு நாள் லீவு போட்டுட்டு யாரு மாமா வருவாங்க?" என்றாள் தங்கை மகள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் லீவு என்றால் அந்தப் பையனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, அதோடு பஸ் செலவு வேறு. இதை நான் யோசித்ததே இல்லை.

அன்று ராத்திரியே மாற்றி எழுதினோம். சம்பளம் 16,000 முதல் 18,000 வரை, ஓவர்டைம் தனி. ஷிப்ட் காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, வாரம் ஒருமுறை மாறும். மெஷினில் ஃபேனக் கம்பெனி கன்ட்ரோல், டர்னிங் (கடைசல்) மட்டும். புரோகிராம் போடத் தெரிய வேண்டாம், ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்) கொடுக்கத் தெரிந்தால் போதும். பொள்ளாச்சி ரோட்டில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். 10 பேருக்கு மேல் இருப்பதால் எங்களிடம் இ.எஸ்.ஐ. உண்டு, 20 பேர் இல்லாததால் பி.எஃப். கிடையாது. இல்லாததை எழுத எனக்குத் தயக்கம்தான். "வந்தப்புறம் தெரிஞ்சா நின்னுடுவாங்க மாமா, இப்பவே சொல்லிடுங்க" என்றாள். எழுதினேன்.

இந்தத் தடவை 19 பேர். அதோடு, விண்ணப்பித்தவர்களுக்காகக் காத்திருக்காமல், படிப்பையும் அனுபவத்தையும் வைத்து நாமே தேடிப் பார்க்கவும் அதில் வழி இருக்கிறது. இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் போன் போட்டேன். சைட் நம் கையில் கொடுப்பது ஒரு பெயரும் நம்பரும்தான். மீதி முழுக்கப் போன் வேலை. காலையில் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை, பெரும்பாலும் ஷிப்டில் இருப்பார்கள். ஏழு மணிக்கு மேல்தான் சரியான நேரம்.

ஒரு நம்பருக்குக் கூப்பிட்டபோது பையனின் அம்மா எடுத்தார். கிணத்துக்கடவு. நான் பட்டறைப் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது, "எவ்வளவு கட்டோணுங்க?" வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்னமே 3,000 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லையாம். எனக்கு அடிவயிறு எரிந்தது. "ஒரு ரூபாய் கட்ட வேண்டாங்க அம்மா, யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. பையன் சர்டிபிகேட்டோட வந்தாப் போதும். வேணும்னா நீங்களும் கூட வாங்க" என்றேன். இரண்டு பேரும் வந்தார்கள்.

சர்டிபிகேட்டில் டர்னர் டிரேடு, மார்க் சுமார்தான். ஒரு ஷாப்டையும், நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்தேன். உடனே அளக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துடைத்தான். 0 முதல் 25 மி.மீ. வரை அளப்பது என்பதால் காலியாக மூடி ஜீரோ பார்த்தான். அப்புறம் ஷாப்டைத் துடைத்துவிட்டு, ராட்செட்டை (அழுத்தம் மீறாமல் பார்த்துக்கொள்ளும் முனைத் திருகு) மட்டும் பிடித்துத் திருப்பி, "24.98 வருதுங்க" என்றான். பத்து வருடம் வேலை பார்த்தவர்களே ராட்செட்டை விட்டுவிட்டு, அளவுக் கோடு போட்ட உருளையான திம்பிளைப் பிடித்து இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவனுக்கு ஒரே கேள்வி: ராத்திரி 10 மணிக்கு மேல் ஊருக்குப் பஸ் கிடைக்குமா? முதல் மாதம் காலை ஷிப்டே கொடுத்தேன்.

இன்னொருவர் ஓசூரில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியவர். நாங்களே தேடி எடுத்த பெயர். பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்தது.

அவர் சேர்ந்த அன்று சாயங்காலமே விளம்பரத்தை எடுத்துவிட்டோம். ஆள் எடுத்த பிறகும் விட்டு வைத்தால் எங்கிருந்தோ ஒருவர் பஸ் ஏறி வந்து நிற்பார். அப்படியும் முன்பே நம்பரைக் குறித்து வைத்திருந்த இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் மில்லிங் தெரிந்தவர். அடுத்த தெருப் பட்டறையில் கேட்டுப் பார்த்து, அந்தப் பட்டறை நம்பரை அவருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.