விண்வெளிக்கு நான் கொண்டுபோன மடும்பி

வெளிநாட்டுக் கிளையின் மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர் அண்ணன், 2011-ஆம் ஆண்டு நான் அமெரிக்கா சென்று வந்த பயணத்தையே எழுதச் சொன்னார். அப்பயணத்தின் புகைப்படங்களைச் சங்கக் கூட்டமொன்றில் காட்டியிருக்கிறேன். ஆதலால் பலருடைய நினைவில் அது ஓர் உல்லாசப் பயணமாகவே தங்கிவிட்டது. ராக்கெட்டின் முன்னால் நின்று நான் சிரித்துக்கொண்டிருக்கும் படம் உண்மையானதுதான். அதற்கு முந்தின நாள் நடந்ததற்குத்தான் படம் இல்லை.

அப்போது நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பதினோராம் வகுப்பு மாணவி. வாரநாள்களில் ஆங்கிலப் பள்ளி. சனிக்கிழமை காலையில், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நம் தமிழ்ப் பாடசாலை. அறிவியல் ஆசிரியை ஒருவரின் விடாமுயற்சியால் எங்கள் பள்ளியிலிருந்து 12 பேர், ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் நடந்த விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டிக்குச் சென்றோம். செலவுக்காக இரண்டு மாதம் ஞாயிறுதோறும் பிரியாணி விற்றோம். அந்த அண்டாக்களைக் கழுவியவர்களில் பலர் நம் பாடசாலைத் தாய்மார்கள் என்பதை இங்கே சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாவேன். தமிழ் வாத்தியார் ஐயா கோடு போட்ட பயிற்சி ஏடு ஒன்றைக் கையில் கொடுத்து, கண்டதையெல்லாம் தமிழில் எழுதி வரவேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த ஏடு இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் வடிவமைப்பின் கணக்குகளை அதிலிருந்தே எடுத்து எழுதுகிறேன். ஓரத்தில் சிவப்பு மையில் உள்ள சந்திப் பிழைத் திருத்தங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

டர்பனின் ஜூலைக் குளிரில் கம்பளிச் சட்டையோடு கிளம்பி, ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறி, 16 மணி நேரம் பறந்து அட்லாண்டாவில் இறங்கி, மறுபடி ஏறி ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தபோது அங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டெக்சாஸ் மாநிலம் அந்த ஆண்டு கடும் வறட்சியில் கிடந்தது. அட்லாண்டிஸ் விண்ணோடம் தன் கடைசிப் பயணத்தை முடித்து ஜூலை 21 அன்று தரையிறங்கிய மறு வாரம் அது. முப்பது ஆண்டு விண்ணோடத் திட்டம் முடிந்துவிட்டதால், எங்களுக்கு வழிகாட்ட வந்த பொறியாளர்களிடம் கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற வீட்டின் அமைதி இருந்தது.

போட்டியின் முறை இது. பல நாட்டு மாணவர்களையும் கலந்து சில கற்பனை நிறுவனங்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு நிறுவனமும், ஆயிரக்கணக்கான மக்கள் நிரந்தரமாக வாழக்கூடிய ஒரு விண்வெளிக் குடியிருப்பை இரண்டே இரவுகளில் வடிவமைத்து நடுவர்கள் முன் விளக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இருந்தோம். குடியிருப்பை ஒரு பெரிய வளையமாக அமைப்பதென்று முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிவாயிற்று. 1975-இல் ஸ்டான்போர்டில் நடந்த நாசா கோடைக்கால ஆய்வு வகுத்த வடிவம் அதுதான்: 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள வளையம் நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும்; உள்ளே 10,000 பேர்; சுழற்சியால் வெளிச்சுவரே தரையாகி, பூமியின் ஈர்ப்புக்கு ஈடான விசை அவர்கள் காலடியில் கிடைக்கும். எங்கள் வளையத்தின் விட்டம் 900 மீட்டர், மக்கள்தொகை 8,000. விட்டம் பாதியாகிவிட்டதால் நிமிடத்துக்கு 1.4 முறை சுழற்ற வேண்டியிருந்தது. சுழற்சி வேகம் கூடக்கூடத் தலையைத் திருப்பும்போதெல்லாம் மயக்கம் வரும் என்பதால், இதற்கு மேல் வளையத்தைச் சிறிதாக்கக் கூடாதென்று ஒரு பையன் நள்ளிரவு வரை சண்டையிட்டான். அவன் சொன்னது சரி.

எனக்குக் கிடைத்த பொறுப்பு உணவு. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து 1960-களில், நிறவெறி ஆட்சியில், குடி பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த எங்கள் தாத்தா, வீட்டுக்குப் பின்னாலுள்ள செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டி, மடும்பியும் பீன்ஸும் மிளகாயும் பயிரிட்டவர். சேம்பு என்று ஊரில் சொல்லும் கிழங்கைத்தான் நாம் நேட்டாலில் மடும்பி என்கிறோம் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அவருடைய பேத்தியான நான், 40 ஹெக்டேர் தோட்டம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பூமியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண், என்று எழுதிவிட்டேன். மண்ணே வேண்டாம், சத்து கலந்த நீரில் வேர்களை விட்டு வளர்க்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கிழங்குப் பயிரை அப்படி வளர்க்க முடியாது, எங்கள் தாத்தா அறுபது வருடத் தோட்டக்காரர், எனக்குத் தெரியும் என்று நான் அடித்துப் பேசினேன். அதிகாலை மூன்று மணிக்கு யாருக்கும் எதிர்வாதம் செய்யத் தெம்பு இல்லை. மண் நிலைத்தது.

விளக்கவுரை முடிந்ததும் நடுவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிகவும் கனிவாகக் கேட்டார்: "அந்த மண்ணின் எடை எவ்வளவு அம்மா?" நான் கணக்கிட்டிருக்கவில்லை. அவரே சொல்லச் சொல்ல நான் வெண்பலகையில் எழுதினேன். 40 ஹெக்டேருக்கு 1,20,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.3 டன் என்று வைத்தாலும் 1,56,000 டன். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ஏவூர்தி தாழ் சுற்றுப்பாதைக்கு ஏற்றக்கூடியது அதிகம் போனால் 140 டன். அப்படியானால் என் மடும்பித் தோட்டத்துக்கு மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட சாட்டர்ன்கள் பறக்க வேண்டும். வரலாற்றில் பறந்தவை மொத்தமே 13. அரங்கம் சிரித்தது, அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை என்றாலும் என் காது சுட்டது. சந்திர மண்ணை மின்காந்த விசையால் எறிந்து சேகரிக்கலாம் என்று 1975-ஆம் ஆண்டு ஆய்வே சொல்லியிருப்பதை அவர் நினைவூட்டினார். அந்த அறிக்கையிலிருந்து வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருந்தோம்.

அடுத்த கேள்வி எங்கள் தலைவனுக்கு. சூரியப் புயல் வந்தால், அதாவது சூரியனிலிருந்து ஆபத்தான கதிர்வீச்சு பாய்ந்தால், 8,000 பேரும் எங்கே ஒதுங்குவார்கள், எத்தனை நிமிடத்தில்? அப்பல்லோ 16, 17 ஆகிய சந்திரப் பயணங்களுக்கு இடையில், 1972 ஆகஸ்டில், மிகக் கடுமையான சூரியப் புயல் ஒன்று வீசியது. வழியில் யாராவது இருந்திருந்தால் அவர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்று நடுவர் விளக்கினார். எங்கள் வரைபடத்தில் நீச்சல் குளம் இருந்தது, திரையரங்கு இருந்தது. தடித்த சுவருள்ள ஒதுங்கிடம் இல்லை. பரிசு வேறு நிறுவனத்துக்குப் போயிற்று.

சுற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நிகழ்ச்சி நிரலை வகுத்தவர் யாரானாலும் அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு: அந்த மூன்று நாள்களைப் போட்டிக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, மையத்தின் வளாகத்திலேயே ஒரு நீண்ட கொட்டகைக்குள் படுக்க வைத்திருந்த சாட்டர்ன் 5-ஐக் கண்டோம். உயரம் 110 மீட்டர் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அதன் அடியிலிருந்து முனை வரை நடப்பது வேறு. ஐந்து எந்திரங்களின் வாய்களில் ஒவ்வொன்றிலும் எங்கள் ஆசிரியையின் காரை நிறுத்தலாம் போலிருந்தது. நடந்து நடந்து கடைசியில் வருவது, மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரும் சிறு கூம்பு. ஏறத்தாழ 3,000 டன்னோடு கிளம்பியதில் அந்தக் கூம்பு ஒன்றுதான் வீடு திரும்பும். அதைப் பார்த்த கண்ணோடு எழுதியிருந்தால் பூமியிலிருந்து ஒரு கைப்பிடி மண் கேட்டிருக்கமாட்டேன். புகைப்படத்தில் நான் சிரிப்பது இந்த இடத்தில்தான். ஓர் ஆளாவது சிரிக்காமல் படம் எடுக்கக் கூடாதா என்று ஆசிரியையிடம் கேட்டேன், அவர் விடவில்லை.

அப்பல்லோ கட்டுப்பாட்டு அறையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கண்ணாடிக்கு இப்பால் பார்வையாளர் இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கால்வெஸ்டன் தீவுக்குக் கடல் குளிக்கத்தான் போனோம். டர்பன் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு மெக்சிகோ வளைகுடாவின் கலங்கிய வெதுவெதுப்பான நீர் சப்பென்றிருந்தது. ஆனால் கடலோரம் நெடுக ஓடும் மதிற்சுவரில் நடந்தபோது வழிகாட்டி சொன்னதை ஏட்டில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். 1900 செப்டம்பர் 8 அன்று வீசிய புயலில் அத்தீவில் இறந்தவர்கள் 6,000-க்குக் குறையாது. 8,000 என்றும் சொல்வார்கள். 1902-இல் சுவர் கட்டத் தொடங்கி, 1904-இல் முதற்பகுதியை முடித்து, அதன்பின் 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகுதூக்கிகளால் உயர்த்தி, அடியில் கடல் மணலைப் பாய்ச்சி, ஊரின் தரையையே மேலேற்றினார்கள். 8,000 என்ற எண்ணைக் கேட்டதும் எங்கள் தலைவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கடைசி நாள் பேர்லண்டில் உள்ள மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போக வேண்டுமென்று அடம் பிடித்தவள் நான். வெண்ணிறக் கோபுரம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. குருக்கள் எந்த ஊர் என்று கேட்டார், டர்பன் என்றேன். எத்தனை தலைமுறை என்றார். தாத்தாவின் தாத்தா கப்பலில் வந்தவர் என்றேன். என் தமிழை அவர் சிறிது நேரம் கூர்ந்து கேட்டுவிட்டு, "ஏட்டுத் தமிழாக இருக்கிறதே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று விசாரித்தார். வாத்தியார் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஏட்டுத் தமிழ் என்றது பாராட்டுத்தானா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

ஊர் திரும்பிய மாலை, தாத்தா தோட்டத்துச் சரிவில் மடும்பி கிண்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், 1,100 ராக்கெட் கதையையும் மறைக்கவில்லை. அவர் கிழங்கிலிருந்த மண்ணை உதறிவிட்டு, "மடும்பிக்கு மண்ணா முக்கியம்? கேட்டோ மேனரில் நாங்கள் ஆற்றோரச் சேற்றில் தண்ணீர் நிற்கிற இடம் பார்த்தல்லவா நடுவோம். தண்ணீருக்கு என்ன கணக்குப் போட்டாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நடுவர்கள் கேட்கவில்லை என்றேன்.

"நான் கேட்கிறேனே" என்றார் தாத்தா.