நசுங்கிய பெல்லட்டும் உப்புக்காற்றும்

10 மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் ரைபிள் போட்டிக்கான சின்னக் குண்டுதான் தட்டைத்தலை பெல்லட். குறுக்களவு 4.5 மி.மீ., எடை அரை கிராம் சொச்சம். மெத்தென்ற ஈயம். முன்தலை கெட்டி, பின்னால் பாவாடை போல விரிந்திருக்கும் ஸ்கர்ட்தான் மெல்லியது. கூரியரில் டப்பா விழுந்தால் முதலில் நசுங்குவது அதுதான். நசுங்கிய இடத்தில் காற்று கசியும், வேகம் குறையும், குண்டு இறங்கி விழும். இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் 0.5 மி.மீ. என்பதால் சின்னச் சொட்டையும் கணக்கில் வரும்.

மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்ப்பக்கம் பார்சல் வந்ததும் திறக்காமல் காதோரம் மெல்ல ஆட்டுங்கள். கலகலவென்றால் உள்ளிருக்கும் நுரைத்தட்டு சரியாக அமுக்கவில்லை. வழியெல்லாம் ஒன்றோடொன்று உரசியிருக்கும். திறந்ததும் அடியில் கருஞ்சாம்பல் தூள் கிடந்தால் அது ஈயத்தூள். ஊதவே ஊதாதீர்கள்.

கண்ணாடித் தட்டைச் சற்றே சாய்த்து ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். நல்லது வில் போன்ற வளைந்த பாதையில் சீராக உருளும். சொட்டையானது தத்தித் தத்திப் போகும். பேனா முனையால் நிமிர்த்தியதைப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள், போட்டிக்கு வேண்டாம்.

வாடைக்காற்றுக் காலத்தில் பெல்லட் வெளியே கிடந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது நச்சு, குழலுக்குள்ளும் ஒட்டும், பூத்ததை ஒதுக்கிவிடுங்கள். மர அலமாரியும் அட்டைப்பெட்டியும் அதைக் கூட்டத்தான் செய்யும். காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் சோறு.