ஜங்ஷனில் என்ன கட்டுகிறார்கள்? ஒரு நோட்டுக் கணக்கு

2018 கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷன் பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்தபோது நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இருபது வருடமாக பஸ் ஏறின இடம். அது எங்கே போகப்போகிறது என்ற நினைப்புதான். இரண்டு மாதம் கழித்து சென்னையிலிருந்து வந்த சித்தப்பா தகரத் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, "அந்தப் பழக்கடை எந்தப் பக்கம்ல இருந்துச்சு?" என்று கேட்டார். கையை நீட்டினேன். நீட்டிய பக்கம் சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை வரை என்ன இடிக்கிறார்கள், என்ன எழும்புகிறது என்று மாதம் ஒருமுறை எழுதி வைப்பது என்று முடிவு. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

விதி ஒன்றே ஒன்றுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டு மணிக்குள், ஒரே இடத்தில் நின்று படம். இடம் தேடி நாலு கட்டடம் ஏறி இறங்கி, கடைசியில் மதுரை ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்றது. கடைக்காரர் முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கார்ப்பரேஷன்லேர்ந்து வாரியளா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மாதான்."

"ஞாயித்துக்கிழம காலையில சும்மாவா வாரிய?"

அவருக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை. ஆனாலும் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்துவிடுவார். ஜன்னல் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, செல்போனின் ஓரத்தை அந்தக் கோட்டில் வைத்துத்தான் படம் எடுப்பேன். அப்படி எடுத்தால்தான் பிறகு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியும்.

நோட்டின் முதல் வருடத்தைப் புரட்டினால் சிரிப்பு வரும். "மாற்றம் இல்லை." "மாற்றம் இல்லை. தடுப்பில் புது போஸ்டர்." "மாற்றம் இல்லை. உள்ளே ஆடு." திருநெல்வேலி 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது, ஒரு நகரத்துக்கு மத்திய அரசு ஐந்நூறு கோடி, அதே அளவுக்கு மாநிலம் என்று கணக்கு. பஸ் ஸ்டாண்டு அந்தப் பணத்தில்தான். வண்டி நிறுத்தத்துக்காகப் பூமிக்குக் கீழே தோண்டினார்கள். தாமிரபரணிக் கரையில் தோண்டினால் என்ன வரும்? மணல் வந்தது. அந்த மணல் பிரச்சினை கோர்ட்டுக்குப் போய், வேலை நின்றது. 2020 ஏப்ரல், மே பக்கங்கள் காலி. அது எல்லோருக்கும் காலிதான்.

அந்தச் சும்மா கிடந்த மாதங்கள்தான் எனக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தன. படம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும்; அதற்கென்று வந்துவிட்டு உடனே திரும்ப மனசு வராது. அப்படியே சுலோசன முதலியார் பாலம் வழியாகக் கொக்கிரகுளம் வரை நடப்பேன். 1843-ல் திறந்த பாலம், ஒரு தனி மனிதர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக்கொடுத்தது. இத்தனை கோடி, இத்தனை கெடு என்று படிக்கும்போதெல்லாம் அந்த வளைவுகளைத்தான் ஒரு முறை பார்த்துக்கொள்வேன். பாலம் தாண்டி வண்ணார்பேட்டை போகிற வழியில்தான் கவனித்தேன்: பெரிய வேலை தூங்கிக்கொண்டிருக்க, சின்னச் சின்ன வேலைகள் ஓடிக்கொண்டே இருந்தன. முன்னால் திண்ணையும் வேப்பமரமும் வைத்த ஒரு வீடு, ஒரு மாதத்தில் காலி மனை. மறு மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாயிற்று. ஆறாவது மாதம் கீழே செல்போன் கடை, மேலே கோச்சிங் சென்டர். பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஆள் இருக்கிறது. இந்த வேப்பமரத்தைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து நோட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பக்கம், மற்ற மனைகளுக்கெல்லாம் சேர்த்து ஐந்து பக்கம் என்று ஆகிவிட்டது.

கட்டடத்தை வெளியிலிருந்து படிப்பது ஒரு தனி வேலை. எனக்குப் படிப்பு வணிகவியல். கற்றுக்கொடுத்தது ஒரு கொத்தனார். கான்கிரீட் போட்ட தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருநாள் அவர் காட்டினார். தளம் போட்ட மறுநாள் அதன்மேல் சிமெண்டால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ரோட்டில் நின்றால் பாத்தி தெரியாது. ஆனால் தளத்தின் விளிம்பில் தண்ணீர் வழிந்த கறை தெரியும், கீழே சொட்டுச் சொட்டாக விழும். சொட்டுகிறதென்றால் தளம் போட்டுச் சில நாள்தான் ஆகியிருக்கும். அடியில் தளத்தைத் தாங்கும் முட்டு நிற்கிறதா, எடுத்துவிட்டார்களா என்பது அடுத்த அடையாளம். நாலரை மீட்டர் வரை அகலமான தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினாலு நாள், ஆறு மீட்டருக்கு மேல் போகிற பீமுக்கு இருபத்தொரு நாள் முட்டு நிற்கவேண்டும் என்பது கட்டுமான விதி. ஆக முட்டையும் சொட்டையும் வைத்து ஒரு வாரம் முன்பின்னாகத் தேதி போட்டுவிடலாம். அப்புறம் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து நிற்கிற கம்பிகள். அந்தக் கம்பி துருப்பிடித்துச் சிவந்திருந்தால் "இன்னொரு மாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அர்த்தம். நம் ஊரில் அந்தப் 'பிறகு' பிள்ளையின் கல்யாணம் வரை போகும்.

பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்து உள்ளே என்ன வரப்போகிறது என்று ஊகிக்கலாம். நாலு, ஐந்து மீட்டர் என்றால் வீடு, ஆபீஸ். எட்டு, பத்து மீட்டர் விட்டு நிறுத்தினால் ஜவுளிக்கடையோ மண்டபமோ. இதில் எனக்குத் தலைக்கனம் வந்து, ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஐந்து மாடி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் மாடிக்கு மாடி வரிசையாகப் பாத்ரூம் குழாய்கள். அறைக்கு ஒரு பாத்ரூம் என்றால் லாட்ஜ்தானே? "நிச்சயம் லாட்ஜ்" என்று அடிக்கோடு போட்டு எழுதி, நண்பனிடம் ஒரு அல்வாப் பொட்டலம் பந்தயமும் கட்டினேன். ஏழு மாதம் கழித்து வாசலில் பச்சைச் சிலுவை மாட்டினார்கள். ஆஸ்பத்திரி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போவதற்காக அகலமாக ஒரு சரிவுப் பாதை மாடி வரை ஏறியிருந்ததை நான் படமே எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அடிக்கோட்டை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அல்வா இருட்டுக்கடையில் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தது.

காகிதத்திலும் விஷயம் இருக்கிறது என்று தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேலான மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பது என்றால் ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். அதன் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் எத்தனை தளம், எப்போது முடிப்பதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் தெரியும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றமும் ஏற்ற வேண்டும். 2019-ல் வந்த கட்டட விதிகளைப் படித்தபோது இன்னொரு புதிர் அவிழ்ந்தது. ஊரில் புதுக் கட்டடங்கள் எல்லாம் ஏன் கத்தரித்து விட்டது மாதிரி ஒரே உயரத்தில் நிற்கின்றன? 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். விதிகள் வேறு, அனுமதி வேறு. அதனால் கீழே வண்டி நிறுத்தம், மேலே ஐந்து தளம், அத்தோடு சரி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். மாறாக, 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்றிலேயே உடனடி அனுமதி வாங்கிவிடலாம். வீட்டுக்காரர்களுக்கு நல்லதுதான். எனக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம்: நேற்று வெறும் மனை, இன்று போனால் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வானத்திலிருந்தும் பார்த்தேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளைக்கு ஒருமுறை புதிது வரும். ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஒரு ஏக்கர் என்றால் நாற்பது புள்ளி; பஸ் ஸ்டாண்டு மாதிரி பெரிய இடம் தோண்டினால் நிறம் மாறுவது நன்றாகவே தெரியும். ஐந்து சென்ட் மனை வெறும் இரண்டு புள்ளி. என் வேப்பமர வீடு அதில் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகையில் திரை முழுக்க மேகம். பழையபடி நடைதான்.

இடிப்பதற்கு முந்தைய படம் இல்லாத குறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தீபாவளிக்கு எல்லோர் வீட்டு ஆல்பங்களையும் கேட்டு வாங்கினேன். அத்தை மகன் துபாய் போனபோது வழியனுப்பப் போய் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அழுகிற அத்தை, கையில் டிபன் கேரியர், தலை பாதி வெட்டுப்பட்ட மாமா. பின்னால் பஸ் ஸ்டாண்டின் தூண்கள், பழைய எழுத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை, அப்புறம் வாழைக்குலை தொங்கும் ஒரு கடை. சித்தப்பாவுக்கு அனுப்பினேன். நான் கை நீட்டியது எதிர்ப்பக்கம்! படத்தைப் பார்த்துவிட்டு அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அத்தைக்கு அப்பம் எவ்வளவு முடி பாரு" என்றார்.

2023 டிசம்பர் 17, 18 பற்றி நோட்டில் எட்டுப் பக்கம் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகு மண் நாற்றத்துக்குள் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஷட்டர்களில், மதில்களில், தகரத் தடுப்புகளில் எல்லாம் ஒரே மட்டத்தில் சேற்றுக் கோடு. தரை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு உயரம். ஒரு கடையில் என் இடுப்பு, இருபதடி தள்ளி முழங்கால். அந்த அளவுகளை மனை வாரியாக எழுதி வைத்தேன். அப்போது ஏதோ செய்யவேண்டும் என்றுதான் எழுதினேனே தவிர எதற்கென்று தெரியாது. அடுத்த வருடம் அதே பகுதியில் புதிதாக வானம் தோண்டிய மூன்று மனைகளில் பேஸ்மெண்ட் மட்டத்தை, அதாவது தரைக்கு மேலே எழுப்புகிற மேடையின் உயரத்தை, அளந்தேன். மூன்றுமே அந்தச் சேற்றுக் கோட்டுக்கு மேலே. ஒரு கடையில் ஜெனரேட்டரையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பக்கத்துப் பழைய கடைகள் மட்டும் இப்போது பள்ளத்தில் இருப்பது மாதிரி தெரிகின்றன. அடுத்த வெள்ளம் எந்த வாசலில் ஏறும் என்பது இப்போதே நோட்டில் தெரிகிறது. பார்க்கத்தான் நன்றாக இல்லை.

பஸ் ஸ்டாண்டு 2024 தொடக்கத்தில் திறந்தது. ஜன்னலிலிருந்து எடுத்த படங்களை வரிசையாக ஓட்டி ஒரு நிமிட வீடியோ செய்தேன். அதில் நாற்பது விநாடிக்குத் தகரத் தடுப்புதான். ஜெராக்ஸ் அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டியபோது முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, தன் கட்டடத்தையும் விற்றாயிற்று என்றார். ஓனர் பிள்ளைகள் பாகம் பிரித்துவிட்டார்களாம். ஆறு மாதத்தில் இடிப்பு.

இந்த முறை விடவில்லை. ஜன்னல், படிக்கட்டு, மின்சார மீட்டர் பெட்டி, கடைப் பலகை, அண்ணாச்சி, அவருடைய ஸ்டூல், என் சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் எடுத்தேன். அண்ணாச்சி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கடையை இப்போது டவுன் பக்கம் மாற்றிவிட்டார், மாதாமாதம் போன் செய்து "என்ன ஆச்சு நம்ம இடம்?" என்று கேட்பார்.

நிற்க இடம் இல்லாமல் இரண்டு மாதம் அலைந்தேன். பிறகுதான் தோன்றியது. இப்போது முதல் ஞாயிறு காலையில் புது பஸ் ஸ்டாண்டின் மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரில் செல்போனை ஊன்றி எதிர்ப்பக்கம் எடுக்கிறேன். நாலாவது நோட்டு, பதினோராம் பக்கம்: "ஜெராக்ஸ் கட்டட மனை. பில்லர் இடைவெளி அகலம், ஜவுளிக்கடையாக இருக்கலாம் (பந்தயம் இல்லை). முதல் தளம் போட்டாயிற்று. முட்டு நிற்கிறது. விளிம்பில் சொட்டுகிறது."