ஓப்பன் வாரமும் பாப்வாவும்

ஜூலையில் பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் வந்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு டிவி என் வசம்தான். லிங்ஸ் எனப்படும் கடலோரத் திடல் ஆட்டம் எனக்கு உயிர். பெரும்பாலும் மரமே இருக்காது, கடற்காற்று இருக்கும். பந்தை உயரத் தூக்கினால் காற்று பறித்துக்கொள்ளும்; தாழ்வாக அடித்து உருட்டத் தெரிய வேண்டும்.

2010இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் ஓப்பனின் கடைசி நாள். நம் நாட்டு லூயி ஊஸ்ட்ஹைசன் ஒன்பதாவது குழியில் முதல் அடியிலேயே கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரைக்கு வந்து, அங்கிருந்து பந்தை நீளமாக உருட்டிக் குழிக்குள் தள்ளினார். மாமா எழுந்தே நின்றுவிட்டார்! கடைசியில் 7 ஸ்ட்ரோக் (மட்டையடி) வித்தியாசத்தில் வெற்றி. அன்று மண்டேலாவின் பிறந்தநாள் வேறு.

அப்புறம் மாமா அந்தக் கால கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் பற்றிப் பேச ஆரம்பித்தார். நம்ம டர்பன்காரர், வழக்கத்துக்கு மாறாக இடது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடித்தவர். 1963இல் எங்கள் மாகாணப் போட்டியான நேட்டால் ஓப்பனை வென்றும், அந்த நிறவெறிக் காலத்தில் இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல் மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பை கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொதிக்கிறது. அதே ஆண்டு இங்கிலாந்தில், ராயல் லிதம் திடலில் நடந்த ஓப்பனில் அவர் 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் ஆடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கேட்டு எழுதி வையுங்கள்.